இரண்டு ஹார்வர்டுகள்

சுங்கை பட்டாணியிலிருந்து வடக்கே பீடோங் பக்கம் போனால் ஹார்வர்ட் வந்துவிடும். அமெரிக்காவுக்கெல்லாம் போக வேண்டாம். கெடாவில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு ஹார்வர்ட் என்றால் முதலில் ஒரு ரப்பர் தோட்டம்தான். பிரிவு பிரிவாகப் பரந்து கிடந்த தோட்டம். அதன் பெயரிலேயே மூன்று தமிழ்ப்பள்ளிகள். "எங்க படிச்சீங்க மாமா?" என்று கேட்டால் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் "ஹார்வர்ட்ல" என்று சொல்லி, நாம் முழிப்பதைப் பார்த்து ரசித்துவிட்டு, "ரெண்டாவது டிவிஷன்" என்று முடிக்கிற பெரியவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு.

2018ஆம் ஆண்டு, சுங்கை பட்டாணியில் பிறந்த 19 வயதுப் பெண் ஒருவர் இன்னொரு ஹார்வர்ட் இருக்கிற திசைக்குப் போனார். அவர் சேர்ந்தது நியூயார்க் மாநிலத்தின் இதாகா நகரில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் எல்லாம் அடங்கிய ஐவி லீக் என்ற எட்டுப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் அதுவும் ஒன்று. அதனால் அந்த ஹார்வர்ட் அவருக்கு எதிரணி. அந்தப் பெண்ணின் பெயர் சிவசங்கரி சுப்ரமணியம். விளையாட்டு, ஸ்குவாஷ்.

சிவசங்கரியைப் பற்றிய செய்திகளில் கார்னெல் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து போய்விடும். ஜகார்த்தாவில் வெள்ளி வாங்கினார், அமெரிக்காவில் படித்தார், விபத்தில் சிக்கினார், மீண்டு வந்து தங்கம் வாங்கினார். படித்தது மட்டும் ஏதோ இடைவேளை மாதிரி இருக்கும். எனக்கு அந்த வரியின் மேல்தான் கண். ஆசியாவின் உச்சத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் ஏன் கல்லூரி அணிக்கு ஆடப் போனார்? அது அவரைக் கெடுத்ததா, காப்பாற்றியதா? "படிப்பா, விளையாட்டா?" என்ற கேள்வியைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இந்த மாநிலத்தில் இருக்காது. அந்தக் கேள்விக்கு வயது அதிகம். அது தோட்டத்திலிருந்து வந்தது.

அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1877இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. முந்தைய ஆண்டு பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்தவை. 1909இல் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் சயாம், கெடாவின் மீது தனக்கிருந்த உரிமைகளை பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. பிறகு கோலா மூடாவிலும் கூலிமிலும் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. சுங்கை பட்டாணி அந்தத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்த டவுன். சம்பளம் போட்ட வாரம் ஜனங்கள் வந்து சாமான் வாங்குகிற, படம் பார்க்கிற, அடகு வைக்கிற டவுன்.

தோட்டத்தில் உடம்பு யாருடையது என்பதில் சந்தேகமே கிடையாது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு இருட்டாகக் காட்டுக்குள் போக வேண்டும். கத்தி பட்டையில் எவ்வளவு இறங்க வேண்டும் என்பது நூலளவுக் கணக்கு. ஆழம் கூடினால் மரம் காயப்படும், தண்டல் கத்துவார். குறைந்தால் பால் வராது, சம்பளம் குறையும். ஒரே அசைவை ஒரே அளவில் ஒரு காலைக்குள் நூற்றுக்கணக்கான தடவை செய்ய வேண்டும். இன்றைய பயிற்சியாளர் யாராவது அதைப் பார்த்தால் மணிக்கட்டைப் பற்றி ஒரு பாடமே எடுப்பார். அப்போது யாரும் அதைத் திறமை என்று சொல்லவில்லை, வேலை என்றுதான் சொன்னார்கள்.

அந்த உடம்பு சாயங்காலம் திடலுக்குப் போனது. பந்து உதைத்தது, சிலம்பம் சுற்றியது, திருவிழா நாட்களில் ஓட்டப்பந்தயம் ஓடியது. ஆனால் மறுநாள் பிரட்டுக்கு எழுந்திருக்க முடியாத அளவுக்கு விளையாடினால் வீட்டில் திட்டு. "வெளையாண்டா சோறு வருமா?" என்ற வாக்கியம் பிறந்த இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அம்மா அப்பாக்களுக்குக் கல்நெஞ்சு என்பதால் வந்த வாக்கியம் அல்ல அது. அடுத்த நாள் கூலிக்கு அந்த உடம்பை விட்டால் அவர்களிடம் வேறு முதல் இல்லை.

உடம்பைத் தங்களுக்காகப் பழக்கிக்கொள்ளலாம் என்று கெடாத் தோட்டத்து இளைஞர்கள் திரண்டு காட்டியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால். ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. அணிவகுப்பு, கவாத்து, கட்டுப்பாடு. முக்கிய இலக்கு கள்ளுக்கடைகள். பகலெல்லாம் உழைத்து வாங்கிய கூலியைச் சாயங்காலம் கள்ளாக்கி அதே உடம்பில் ஊற்றும் ஏற்பாட்டை நிறுத்த வேண்டும் என்றார்கள். 1947 பிப்ரவரி முடிவிலும் மார்ச் தொடக்கத்திலும் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் போலீஸோடு மோதல் வந்தது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு படை ஒடுக்கப்பட்டது. அதை நாம் தொழிற்சங்க வரலாறாகவும் மதுவிலக்கு வரலாறாகவும் படிக்கிறோம். விளையாட்டு வரலாறாகவும் படிக்கலாம். வேலைக்கு வெளியே, ஒரு ஒழுங்கோடு, கூட்டாகத் தன் உடம்பைத் தயார் செய்தால் அது அதிகாரத்துக்கு எவ்வளவு அச்சம் தரும் என்று தெரிகிறது.

இப்போது ஸ்குவாஷ் பக்கம் வருகிறேன். இந்த விளையாட்டுக்கும் ரப்பருக்கும் பழைய உறவு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் லண்டனின் கடன்காரர் சிறைகளில் அடைபட்டிருந்தவர்கள் பொழுது போகாமல் சிறைச் சுவரில் பந்தை அடித்து விளையாடினார்கள். அந்த ஆட்டம் வெளியே வந்து பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஹாரோ பள்ளிக்குள் நுழைந்தது. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே மாணவர்கள் மெத்தென்ற ரப்பர் பந்தை வைத்து ஆட ஆரம்பித்தார்கள். சுவரில் பட்டதும் நசுங்குகிற பந்து. நசுங்குவதற்கான ஆங்கிலச் சொல்தான் விளையாட்டின் பெயராக நின்றுவிட்டது. இன்றைய பந்து 40 மில்லிமீட்டர் விட்டம், 24 கிராம் எடை. உள்ளங்கையில் வைத்தால் பெரிய நெல்லிக்காய் மாதிரி இருக்கும்.

கடனில் அகப்பட்டவர்களின் ஆட்டம் துரைமார்களின் ஆட்டமாகிப் பேரரசோடு கூடவே கப்பலேறியது. மலாயாவில் அது கிளப்புகளுக்குள் இருந்தது. நான்கு சுவர், கூரை, மரத்தளம், உறுப்பினர் சந்தா. ஓட்டத்துக்கு ஒரு மண் சாலை போதும். பந்து உதைக்க ஒரு திடல் போதும். ஸ்குவாஷுக்கு ஒரு கட்டடம் வேண்டும், அந்தக் கட்டடத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். நம்மவர்கள் முதலில் ஓட்டத்தில் பெயர் எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டம் என்றதும் மணி ஜெகதீசனைச் சொல்லாமல் போக முடியாது. கெடாக்காரர் இல்லை, ஆனால் "படிப்பா, விளையாட்டா?" என்ற கேள்விக்கு இந்த நாட்டில் முதலில் பெரிய பதில் சொன்ன தமிழர் அவர். 16 வயதில் 1960 ரோம் ஒலிம்பிக். 1964 தோக்கியோவில் 200 மீட்டர் அரையிறுதி. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 3 தங்கம். 1968 மெக்சிகோவில் மறுபடியும் அரையிறுதி, 20.92 விநாடி. அந்த மலேசியச் சாதனையை 2017 வரைக்கும் யாராலும் தாண்ட முடியவில்லை. இதற்கு நடுவில் அவர் சிங்கப்பூரில் மருத்துவம் படித்து டாக்டரும் ஆனார். பறக்கும் டாக்டர் என்றே அவரை அழைத்தார்கள்.

ஆனால் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு தவறு செய்கிறோம். "அவர் ரெண்டையும் பாக்கலையா? உனக்கு மட்டும் என்ன?" என்று முடித்துவிடுகிறோம். ஜெகதீசன் இரண்டையும் பார்த்தது அவருடைய அசாத்தியம். அசாத்தியமான ஒருவரால் முடிந்தது என்பதற்காக அது வழி ஆகிவிடாது. வழி என்றால் சாதாரண ஆளும் நடக்க முடிய வேண்டும். மெக்சிகோவுக்குப் பிறகு 25 வயதில் அவருடைய ஓட்டம் முடிந்தது. அடுத்து வந்தவர்களுக்கு அவருடைய கதைதான் மிஞ்சியது, அவர் நடந்த பாதை மிஞ்சவில்லை.

ஸ்குவாஷ் கிளப்பை விட்டு வெளியே வந்ததற்கு 1998 முக்கியமான ஆண்டு. கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டிலும் பாங்காக் ஆசிய விளையாட்டிலும் ஸ்குவாஷ் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. பாங்காக்கில் பினாங்கைச் சேர்ந்த நிக்கோல் டேவிட் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 15. காமன்வெல்த் போட்டிகளுக்காகப் புக்கிட் ஜாலிலில் விளையாட்டு அரங்குகளைக் கட்டியிருந்தார்கள், தேசிய ஸ்குவாஷ் மையமும் அங்கேதான். புக்கிட் ஜாலில் அதற்கு முன்னால் என்ன? ரப்பர் தோட்டம். அரங்குகள் எழுந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே எஞ்சியிருந்த தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்காகப் போராடிக்கொண்டிருந்தன. மலேசிய ஸ்குவாஷின் பெருமைக்கு அடியில் பால்மரத்து மண் கிடக்கிறது. இதை எழுதுவது யாருடைய வெற்றியையும் குறைப்பதற்கு அல்ல. அங்கே ஒரு தமிழ்ப்பெண் ராக்கெட்டோடு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

சிவசங்கரி பிறந்தது 1999 ஜனவரி. அவர் வளர்ந்த ஆண்டுகள் முழுக்க நிக்கோலின் ஆண்டுகள். 8 உலகப் பட்டங்கள், 2006 முதல் 2015 வரை விடாமல் உலக முதலிடம். மலேசியாவில் ராக்கெட் எடுத்த எந்தப் பெண் பிள்ளையையும் 'அடுத்த நிக்கோல்' என்று கூப்பிட்ட காலம்.

2018 ஆகஸ்ட், ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. பெண்கள் தனிநபர் இறுதியில் நிக்கோலும் சிவசங்கரியும். ஒருவருக்கு 35, இன்னொருவருக்கு 19. முதல் செட்டும் மூன்றாவது செட்டும் சிவசங்கரிக்கு. இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தார். பிறகு நிக்கோல் நான்காவதையும் ஐந்தாவதையும் எடுத்தார். நிக்கோலுக்கு அது ஐந்தாவது ஆசிய தனிநபர் தங்கம், கடைசியும் அதுதான். அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றார்.

நாற்காலி காலி. வெள்ளிப் பதக்கத்தோடு நிற்கிற 19 வயதுப் பெண் அதில் உட்கார வேண்டும். எல்லாரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய பாதை இதுதான்: முழு நேரத் தொழில்முறைச் சுற்று, மாதம் ஒரு நாடு, தரவரிசையில் படிப்படியாக ஏறுவது. நிக்கோல் இளம் வயதிலேயே ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் லிஸ் இர்விங்கிடம் பயிற்சி பெற்றது அந்தப் பாதைதான். சிவசங்கரி கல்லூரிக்குப் போனார்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றதும் நம் இளைஞர்களுக்கு ஞாபகம் வருவது ஜிம்னாஸ்டிக்ஸ் காணொளிகளாகத்தான் இருக்கும். 2019 ஜனவரியில் கேட்லின் ஓஹாஷி என்ற பெண் தரைப்பயிற்சியில் முழுப் பத்து புள்ளிகள் வாங்கிய காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அவருடைய முன்கதை தெரியும்? 2013இல் அமெரிக்கக் கோப்பையில் சிமோன் பைல்ஸை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி ஜெயித்தவர் ஓஹாஷி. பிறகு காயங்கள். ஒலிம்பிக் கனவு போனது. கலிபோர்னியாவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்குப் போனார். சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் முழுப் பத்து முறையை 2006இல் கைவிட்டுவிட்டது. கல்லூரிகள் அதை வைத்துக்கொண்டன. உச்சப் போட்டியில் நொந்துபோன உடம்பு அங்கே வந்து கொஞ்சம் எளிய ஆட்டத்தை, ஒரு அணியின் நடுவில், சிரித்துக்கொண்டு ஆடலாம்.

வெகு காலமாக ஜிம்னாஸ்டுகளுக்குக் கல்லூரி என்பது உச்சத்துக்குப் பிறகு வருகிற நல்ல ஓய்வு. இன்னொரு சிக்கலும் இருந்தது. விளம்பரத்திலோ பரிசிலோ காசு வாங்கினால் கல்லூரி அணியில் ஆட முடியாது. 2021 ஜூலையில் அந்த விதி தளர்ந்தது. அதே கோடையில் தோக்கியோவில் ஒட்டுமொத்தத் தங்கம் வென்ற சூனி லீ ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போனார். இடையில் சிறுநீரக நோய் வந்தும், 2024 பாரிஸில் திரும்பவும் பதக்கம் வாங்கினார். கல்லூரி என்பது ஆட்டத்தின் அந்திமக்காலமாக இருக்க வேண்டியதில்லை என்று ஜிம்னாஸ்டிக்ஸிலும் தெரிய ஆரம்பித்தது.

ஸ்குவாஷில் அது முன்பே தெரிந்திருந்தது. அமெரிக்காவின் அமாண்டா சோபி ஹார்வர்டில் படித்த நான்கு ஆண்டும் கல்லூரித் தனிநபர் பட்டத்தை வென்றார், பட்டம் வாங்கிய பிறகு தொழில்முறைச் சுற்றில் உலக மூன்றாம் இடம் வரை போனார். இங்கிலாந்தின் ஜினா கென்னடியும் ஹார்வர்ட்தான், 2020இல் படிப்பை முடித்து அதற்குப் பிறகே முழு நேரத் தொழிலுக்கு வந்தார். ஸ்குவாஷ் உடம்பு ஜிம்னாஸ்டிக்ஸ் உடம்பைவிட மெதுவாக முதிரும். இருபதுகளின் பின்பாதியில்தான் பலர் நன்றாக ஆடுகிறார்கள். 19இலிருந்து 23 வரை படிப்பதற்கு அங்கே இடம் இருக்கிறது.

ஆனால் சும்மா கிடைக்கிற இடமில்லை. ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. குடும்ப நிலைமையைப் பார்த்துக் கொடுக்கிற படிப்பு உதவி மட்டும்தான். வகுப்பில் யாரும் தனிச் சலுகை தர மாட்டார்கள். கல்லூரி மோதலின் வடிவமும் வேறு. ஒரு அணிக்கு 9 பேர், 9 ஆட்டங்கள், 5 ஜெயித்தால் அணி ஜெயிக்கும். ஆசிய விளையாட்டு இறுதி வரை போனவர் முதல் இடத்தில் ஆடுவார். ஒன்பதாம் இடத்தில் ஆடுபவர் ஸ்குவாஷை வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளாத மாணவியாக இருக்கலாம். இரண்டு பேருடைய வெற்றிக்கும் ஒரே மதிப்பு, ஆளுக்கு ஒரு புள்ளி. தனியாகவே நின்று பழகிய ஆட்டக்காரருக்கு இது புதுப்பாடம். மற்ற எட்டுப் பேருடைய ஆட்டத்தையும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பதைபதைத்துப் பார்க்க வேண்டும்.

இழப்பும் உண்டு. நீங்கள் வகுப்பில் இருக்கும் வாரத்தில் உங்கள் வயது எகிப்துக்காரிகள் கெய்ரோவில் ஒருவரோடொருவர் மோதிப் பழுக்கிறார்கள். தரவரிசை காத்திருக்காது. 2020–21 குளிர்காலத்தில் பெருந்தொற்றினால் ஐவி லீக் எல்லாப் போட்டிகளையும் ரத்து செய்தது. அங்கே ஆடிக்கொண்டிருந்த எவருக்கும் ஒரு பருவமே காணாமல் போனது.

சுங்கை பட்டாணியில் ஒரு ஒட்டுக்கடையில் இதைப் பற்றி ஒரு அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். மகளைப் பூப்பந்துப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறவர். "நாலு வருஷம் போச்சேப்பா" என்றார் முதலில். தே கிளாஸைச் சுற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒண்ணு. எம்பொண்ணுக்குக் கால் ஒடஞ்சா, அவ கையில என்ன இருக்கும்னு நான் தெனமும் நெனைக்கிறேன்."

சிவசங்கரியின் கதையில் அது நடந்தது. 2022 ஜூன். கார்னெல் ஆண்டுகளை முடித்துவிட்டு முழு நேர ஆட்டக்காரராக நாடு திரும்பியிருந்த நேரம். பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டுக்குச் சில வாரங்களே இருந்தன. கோலாலம்பூர் வட்டாரத்தில் நெடுஞ்சாலை விபத்து ஒன்றில் அவருக்கு முகத்திலும் கழுத்திலும் பலத்த காயம். ஸ்குவாஷ் ஆட்டக்காரர் பந்தைத் தேடிப் பின்சுவர் பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். அந்தக் கழுத்தில் அடி. பர்மிங்ஹாம் போயிற்று. அங்கே பெண்கள் தனிநபர் தங்கத்தை வென்றவர் ஜினா கென்னடி, அதாவது அந்த இன்னொரு ஹார்வர்டின் பழைய மாணவி.

அந்த அண்ணன் சொன்னதை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். 23 வயதில் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் ஒரு ஆட்டக்காரருக்கு ஆட்டத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றால் அந்த நாட்கள் எப்படி இருக்கும்? தோட்டத்துக் கிழவர்களுக்கு அது தெரியும். கை போனால் கூலி போனது, கூலி போனால் லயத்து வீடும் போனது. உடம்பு ஒன்றையே நம்பி வாழ்வதில் இருக்கும் பயம் அது. நம் பெற்றோர் "படி, படி" என்று சொன்னதற்குப் பின்னால் இருந்தது இந்தப் பயம்தான். அவர்கள் தப்பாகப் பயப்படவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாகப் பிள்ளையின் ராக்கெட்டைப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

சிவசங்கரிக்கு ராக்கெட்டும் இருந்தது, படிப்பும் இருந்தது. அவர் ஆட்டத்துக்குத் திரும்பியபோது, வேறு கதி இல்லாமல் திரும்பியவர் இல்லை. விரும்பித் திரும்பியவர். கார்னெல் ஆண்டுகள் அவருடைய கைவீச்சைத் திருத்தினவா என்று நான் சொல்லப் போவதில்லை. திரும்பி வருவதை ஒரு தேர்வாக ஆக்கிக் கொடுத்தன என்று மட்டும் சொல்வேன். அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம், ஐந்து ஆண்டுக்கு முன் ஜகார்த்தாவில் கைநழுவிய அதே தங்கம். மகளிர் அணித் தங்கமும் மலேசியாவுக்கு. அந்தத் தலைமுறையில் ஆடும் ஐஃபா அஸ்மானும் கெடாக்காரர், அலோர் ஸ்டார். அதே மாதம் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலஸில் ஸ்குவாஷைச் சேர்த்தது. நிக்கோல் தன் ஆட்டக்காலம் முழுக்கக் கேட்டும் கிடைக்காத கதவு அது. 2024இல் லண்டனில் நடந்த கிளாசிக் போட்டியின் இறுதியில் எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியை ஐந்து செட்களில் சிவசங்கரி வென்றார். உலகின் முதல் பத்துப் பேருக்குள்ளும் வந்தார். இதாகாவுக்குப் போனதால் எதையும் தொலைத்த ஆட்டக்காரரின் கணக்கு இல்லை இது.

இங்கே கதையை முடித்தால் அது ஜெகதீசன் கதையை நாம் சொல்லுகிற மாதிரிதான் ஆகும். "சிவசங்கரி ரெண்டையும் பாக்கலையா?" என்று இன்னொரு பிள்ளையைக் குத்த இன்னொரு ஊசி. கார்னெல் எல்லாருக்கும் திறக்கிற கதவு அல்ல. அதற்குத் திறமை வேண்டும், ஆங்கிலம் வேண்டும், விண்ணப்பம் போடச் சொல்லித்தர ஆள் வேண்டும், பணத்துக்கு ஏற்பாடு வேண்டும். பாடாங் செராயில் ஒரு அடுக்குமாடியில் இருக்கும் பிள்ளைக்கு இதில் எத்தனை இருக்கும்?

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அமெரிக்க ஏற்பாடுதான். ஒரு பல்கலைக்கழகம் ஆட்டக்காரியைப் பார்த்து "ரெண்டும் வேணுமா, வா" என்று சொல்கிறது. அவளுக்கு ஒரு அணி, ஒரு பயிற்சியாளர், ஒரு அட்டவணை தருகிறது. காலையில் வகுப்பு, மாலையில் ஆட்டம் என்பதை அவளுடைய தனிப்பட்ட வீரமாக விடாமல் ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலையாக வைத்திருக்கிறது. நம்மிடம் விளையாட்டு பெரும்பாலும் புறப்பாடத்தில் புள்ளி சேர்க்கிற சமாச்சாரம். எஸ்.பி.எம். வந்ததும் பை மூலைக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் ஆடுகிறவன் பிடிவாதக்காரன்.

இப்படிப்பட்ட ஏற்பாடுகளைக் கட்டத் தெரியாத சமூகமா நாம்? 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது ஒரு தனித் தொழிலாளியால் எதுவும் செய்ய முடியவில்லை. 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். பால்வெட்டுக்காரர்கள் கொடுத்தார்கள். அந்தக் காசில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலேயே இருக்கிறது, புக்கிட் சீடிம். நாற்பது ஆண்டு கழித்து 2001இல் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் ஆரம்பமானது, அதன் வளாகமும் இதே பீடோங் வட்டாரத்தில்தான். நிலத்துக்கு ஒரு சங்கம் கண்டோம், பட்டத்துக்கு ஒரு வளாகம் கண்டோம். ஆட்டத்தையும் படிப்பையும் ஒரே கூரையின் கீழ் வைக்க இன்னும் எதையும் கட்டவில்லை. சிவசங்கரி அதற்காக இதாகா வரைக்கும் போக வேண்டியிருந்தது.

கெடாவின் தோட்டங்களில் இப்போது பால்மரத்தைவிடச் செம்பனைதான் கண்ணில் படுகிறது. ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. விளையாட்டுப் போட்டி நாளன்று சுண்ணாம்புக் கோடு போட்ட திடலில் பிள்ளைகள் ஓடுகிறார்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மாக்கள் பெயர் சொல்லிக் கத்துகிறார்கள். அதில் ஒரு பிள்ளை நிஜமாகவே வேகமாக ஓடும். பதினேழு வயதில் அது வீட்டுக்கு வந்து, "நான் தொடர்ந்து ஓடட்டுமா?" என்று கேட்கும். நம்மிடம் அன்றைக்கும் பழைய பதில் மட்டும்தான் இருக்குமா?